ஆரஞ்சு வாசனையடித்த பாலிகை

கண்ணாடித் தட்டில் ஈரத் தாளை விரித்து, அதன்மேல் பச்சைப்பயற்றை இடைவெளி விட்டு அடுக்கி மூடி வைத்தால், மறுநாள் காலையில் மூடியின் உட்புறம் முழுக்க நீர் பூத்திருக்கும். மூடியை எடுத்ததும் மெல்ல ஒரு வாசனை எழும். மண்ணே இல்லாத இடத்தில் எங்கிருந்து வருகிறது இந்த மண்வாசனை என்று தோன்றும். அந்த ஒரு கணத்துக்காக எங்கள் மேடம் பேச்சை நிறுத்திவிடுவார். பாதி வாக்கியத்தில் நின்றாலும் நின்றதுதான். தோல் வெடித்து வெள்ளையாக எட்டிப் பார்க்கிற வேர்களைக் குனிந்து பார்த்துக்கொண்டே இருப்பார். தொழிற்சாலை லோரிகள் உறுமிக்கொண்டு போகிற சுங்கை வேயில், இரண்டாவது மாடியில், குளிரூட்டி முனகுகிற அந்தச் சின்ன லேப்பில் எனக்கு நேரம் போனதே தெரியாது. நான் அங்கே உதவியாளர். தட்டு கழுவுவது, விதை எண்ணுவது, மேடத்துக்கு மைலோ கலக்குவது, எல்லாம் நான்தான்.

பயறு வகைகளைத் துத்தநாகம் கலந்த தண்ணீரில் ஊற வைத்தால் முளைப்பு எப்படி மாறுகிறது என்பதுதான் மேடத்தின் ஆராய்ச்சி. லேப்பில் நாங்கள் ஸிங்க் தண்ணி என்போம். ஒரு பெரிய பாட்டில் தண்ணீருக்கு ஊசி முனையில் நிற்கிற அளவு போதும். அதில் சில மணி நேரம் ஊறிய விதை சற்று முந்திக்கொண்டு வேர் விடும், வேர்களும் ஒரே சீராக நீளும். வெறும் தண்ணீரில் ஊறியதும் முளைக்காமல் போகாது. அதற்கென்று தனித் தட்டு உண்டு. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் மேடம் வாயைத் திறக்க மாட்டார். அளவு கூடிவிட்டாலோ கதை கெட்டது. வேர் நுனி பழுப்பேறி, குட்டையாகச் சுருண்டு, அப்படியே நின்றுவிடும். நல்லதுதானே, இன்னும் கொஞ்சம் போட்டால் என்ன என்று நான் ஒருமுறை கேட்டதற்கு, "உப்புக்கும் அதே நியாயம் பேசுவியா லா?" என்றார்.

அவர் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மேடத்தின் வீட்டுக்காரர் போய்ப் பல வருடங்கள் ஆகியிருந்தன. பிரிக்பீல்ட்ஸில் மேடம் குடியிருந்த அடுக்குமாடி வீட்டில் இடம் பத்தாது என்று, கிள்ளானில் இருந்த நாத்தனார் வீட்டில் சடங்குகளை வைத்தார்கள். முதல் சடங்கே பாலிகைதான். ஊறிய பயற்றைச் சுமங்கலிகள் மண்சட்டிகளில் தூவுவார்கள். கல்யாணத்தன்று அது தளதளவென்று எழுந்து நிற்க வேண்டும். எழுந்தால் குடும்பம் தழைக்கும் என்று நம்பிக்கை. எழாவிட்டால் என்ன ஆகும் என்பதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. கணவனை இழந்தவர் கை அதில் படக்கூடாது என்று பெரிய அத்தை, அதாவது மேடத்தின் மாமியாருடைய அக்கா, முன்கூட்டியே சொல்லி அனுப்பிவிட்டார். பயற்றை ஊறவாவது வைக்கட்டுமா என்று மேடம் கேட்டிருக்கிறார். அதுவும் கூடாதாம்.

எனக்கு வந்ததே கோபம். இந்த நாட்டில் இவரைவிட அதிகமாகப் பயறு முளைக்க வைத்தவர் யார் இருக்கிறார்கள், இவர் கைக்கா தீட்டு என்று நான் லேப்பில் குதித்தேன். மேடம் தட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. நாளெல்லாம் விதைத்துக்கொண்டுதானே இருக்கிறேன், ஒரு நாள் சும்மா இருந்தால் என்ன என்றார். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. ஆனால் அன்று மூடியைத் திறந்தவர் மறுபடி மூட மறந்துபோனார்.

கல்யாணத்துக்குச் சில நாள் இருக்கும்போது நாத்தனார் லேப் வாசலில் வந்து நின்றார். கையில் சந்தைக்குக் கொண்டுபோகிற பாசார் பை, பைக்குள் துணி சுற்றிய ஒரு பாலிகைச் சட்டி. கண் இரண்டும் வீங்கியிருந்தன. ஐந்து சட்டியிலும் இதே கதிதான், பெரிய அத்தைக்கு இன்னும் தெரியாது என்று சொல்லும்போதே விசும்பினார். துணியை விலக்கினால் சட்டியில் ஒன்றுமே எழவில்லை. சில விதைகள் தோல் வெடித்து, அதோடு நின்றிருந்தன.

மேடத்தின் முகத்தை அன்று பார்த்தேனே, அதை நான் மறக்கவே முடியாது. விதை முளைக்கவில்லை என்று சொன்னால் ஆயிரம் கேள்வி கேட்கிற மனுஷி, ஒரு கேள்வியும் கேட்காமல் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். "நான் அந்தப் பக்கமே வரலையே" என்று மட்டும் சொன்னார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. 

சட்டியை வாங்கி மேசைமேல் வைத்தவள் நான். குனிந்தபோது வாசனை அடித்தது. மண்வாசனை இல்லை, ஆரஞ்சுப் பழ வாசனை. நான் சொன்னதும் மேடம் எழுந்து வந்து முகர்ந்தார். ஒரு விதையை இடுக்கியால் எடுத்து லென்சின் கீழே வைத்தார். வேர் நுனி பழுப்பு. எதில் ஊற வைத்தாய் என்று மெதுவாகக் கேட்டார்.

 நாத்தனார் வாயிலிருந்து விஷயம் வெளியே வந்தது. கோவிட்டுக்குப் பிறகு எல்லார் வீட்டிலும் இருக்கிறதே, தண்ணீரில் போட்டால் நுரைத்துக் கரைகிற ஆரஞ்சு வாசனை ஸிங்க் மாத்திரை, அதில் ஒரு டியூப் முழுவதையும் ஊற வைத்த தண்ணீரில் கொட்டியிருக்கிறார். மாத்திரையில் இருந்த புளிப்பும் உப்புமே போதும், அந்தப் பயற்றின் கதையை முடிக்க.

"உங்க கை படக்கூடாதுன்னு சொல்லிட்டாங்க அண்ணி. படிப்பாவது படட்டுமேன்னுதான் போட்டேன்."

மேடம் சிரிக்கத் தொடங்கினார். சிரிப்பு நடுவழியில் அழுகையாக மாறியது. நாத்தனாரைக் கட்டிக்கொண்டு, ஒரு நிமிடம் தன்னால்தான் முளைக்கவில்லை என்று தானும் நம்பிவிட்டதாகச் சொன்னார். இத்தனை படித்தும் நம்பிவிட்டேனே என்று திரும்பத் திரும்பச் சொன்னார். நான் மைலோ கலக்கப் போகிற சாக்கில் கைகழுவும் தொட்டிப் பக்கம் போய் நின்று மூக்கைத் துடைத்துக்கொண்டேன்.

நல்லவேளை, அன்று காலை ஆராய்ச்சிக்காக ஸிங்க் தண்ணீரில் ஊற வைத்த பச்சைப்பயறு கைவசம் இருந்தது. மற்ற சட்டிகள் நாத்தனாரின் காரில் இருந்தன. எல்லாவற்றையும் காலி செய்து புது மண் நிரப்பினோம். மேடம் பயற்றைக் கிண்ணத்தில் எடுத்து நாத்தனாரிடம் நீட்டினார். நாத்தனார் வாங்கவில்லை. நீங்களே போடுங்கள், யாராவது கேட்டால் பதில் சொல்வது என் பாடு என்றார். மேடம் மறுத்தார், இவர் விடவில்லை. கடைசியில் மேடம் கையை முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு வந்தார்.  மகள் பெயரை முணுமுணுத்துக்கொண்டே தூவினார்.

கல்யாணத்தன்று பிரிக்பீல்ட்ஸ் கோயில் மண்டபத்தில் ஐந்து சட்டியும் விரல் உயரத்துக்கு நெருக்கமாக எழுந்து நின்றன. மின்விசிறிக் காற்றில் அசைந்தபடி இருந்தன. பெரிய அத்தை குனிந்து தடவிப் பார்த்துவிட்டு, யார் கை இது, நல்ல ராசியான கை என்றார்.  நாத்தனார் நிமிர்ந்து நின்று, "அண்ணி கைதான் பெரியம்மா" என்றார்.

பெரிய அத்தை மேடத்தைப் பார்த்தார், பயிரைப் பார்த்தார். வெற்றிலையை மென்றுகொண்டே இருந்தார். பிறகு தண்ணீர்ச் செம்பை மேடத்தின் பக்கம் நகர்த்திவிட்டு, தாலி கட்டும் நேரம் ஆகிறதே என்று ஐயரை அதட்டப் போய்விட்டார். மேடம் ஒவ்வொரு சட்டியிலும் தண்ணீர் தெளித்தார். பக்கத்திலிருந்த பெண்கள் கைராசியைப் பற்றிப் பேச ஆரம்பித்ததும், கையெல்லாம் ஒன்றுமில்லை, ஸிங்க் தண்ணீரும் நல்ல விதையும்தான் என்று வகுப்பெடுத்தார்.

இப்போது மேடம் ஓய்வுபெற்று, பினாங்கில் மகளோடு இருக்கிறார். லேப்பில் வேறு மேடம், என் வேலை அதேதான். நீர் பூத்த மூடியைத் தூக்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கல்யாணப் பகல்தான் நினைவுக்கு வருகிறது. பொண்ணும் மாப்பிள்ளையும் கிளம்பிப் போன பிறகு, என் சின்னக் காரில் மேடத்தை வீட்டில் விடப் போனேன். சாலை நெரிசலில் வண்டி நகரவே இல்லை. பூக்கடைகளின் நிறமெல்லாம் வெயிலில் மங்கலாகத் தெரிந்தது. மேடம் தன் வலது கையை மடியில் விரித்து வைத்து, வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கொஞ்சம் என் கையும் இருக்கும்ல?" என்றார்.

ஒப்பிட்டுப் பார்க்க வெறும் தண்ணீரில் ஊறிய பயற்றுச் சட்டியோ வேறு கை தூவிய சட்டியோ ஒன்றுகூட நாங்கள் வைக்கவில்லை. "முழுக்க உங்க கைதான் மேடம்" என்றேன்.

"பொய் சொல்லாத லா" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து, "இன்னொரு தடவ சொல்லு" என்றார்.