டிக்கிக்குள் இன்னொரு தட்டு

டங்... டங்!

மூடிய காரின் டிக்கிக்குள்ளிருந்து இரண்டு தட்டு. நல்ல நடுப்பகல். தெருவில் ஆள் நடமாட்டம் இருந்தது. நம்பாதவர்கள் அந்தக் கடைக்காரரிடம் போய் இந்தப் பேச்சை எடுத்துப் பாருங்கள். முகம் வெளுத்துப்போவதைப் பார்க்கலாம். உள்ளே படுத்திருந்தவர் அவர்தான். அவர் தட்டியதோ ஒரே ஒரு தட்டு.

கார்களுக்கு ஸ்பீக்கர் பொருத்துவது அவர் தொழில். அன்று காலை ஒருவர் பழைய கார் ஒன்றைக் கொண்டுவந்து, "பாஸ் ஸ்பீக்கருக்கு நீங்களே பாத்து ஒரு பெட்டி போடுங்க, பெருசா இருந்தாலும் சரி" என்று சாவியைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்.

"பெருசா போடுவோம் மாமா. தெருவே அதிரணும்," என்றான் கூட வேலை பார்க்கும் மச்சான். மனைவியின் தம்பி.

"தெரு அதிரணும்னா அவரை புல்டோசர் வாங்கச் சொல்லு. சின்னப் பெட்டிதான்டா சுத்தமா கேக்கும். வச்சுப் பாப்போம், வா."

வைத்துப் பார்ப்பதற்கு அவரிடம் ஒரு முறை இருந்தது. பெட்டியோடு தானும் டிக்கிக்குள் சுருண்டு படுத்துக்கொள்வார். எந்தத் தகடு எங்கே கடகடக்கிறது என்று காதாலேயே தேடுவார். மச்சான் முன்சீட்டிலிருந்து சத்தத்தைக் கூட்டுவான். அந்த இரைச்சலில் பேச்சு எடுபடாது. அதனால் ஸ்பேனரால் தகட்டில் தட்டுவார். இரண்டு தட்டு என்றால், கூட்டு. ஒரு தட்டு என்றால், நிறுத்து, திற.

டிக்கி மூடியது. கும்மிருட்டு. "ம்ம்ம்ம்..." என்று பாஸ் ஸ்பீக்கரின் அதிர்வு கிளம்பியது. இந்தப் பக்கம் அவர், அந்தப் பக்கம் பெட்டி. எதுவும் கடகடக்கவில்லை. சின்னப் பெட்டியே போதும். திருப்தியோடு ஒரு தட்டு தட்டினார்.

டங்.

உடனே, பெட்டிக்குப் பின்னாலிருந்து... டங்.

சத்தம் கூடியது.

எதிரொலி என்று நினைத்தார். மறுபடி ஒரு தட்டு. மறுபடி அங்கிருந்தும் ஒன்று. எதிரொலி இளைத்துத்தானே வரும்? இது அவர் தட்டியதைவிடப் பலமாக வந்தது. அந்தப் பெட்டிக்குப் பின்னால் ஒரு பூனை உட்காரக்கூட இடம் கிடையாது.

"டேய்! திறடா!"

அவர் குரல் அவருக்கே கேட்கவில்லை. இரைச்சல் நெஞ்சுக்கூட்டில் இடித்தது. சட்டை தொப்பலாக நனைந்தது. காற்று கனத்துக்கொண்டே வந்தது. தட்டினால்தானே பதில் வருகிறது? ஸ்பேனரை மார்போடு இறுக்கிக்கொண்டார்.

டங்... டங்.

அவர் தட்டவில்லை.

சத்தம் இன்னும் கூடியது.

பெட்டி மெல்ல நகர்ந்தது... அவரை நோக்கி.

முழங்காலில் இடித்தது.

பிறகு மார்பில்.

மூச்சு...

சட்டென்று எல்லாம் அடங்கியது. டிக்கி திறந்தது. வெளிச்சம்.

"என்ன மாமா, கூட்டு கூட்டுன்னு தட்டிட்டே இருந்தீங்க? பேட்டரியே படுத்துருச்சு!" என்ற மச்சான், அவர் கோலத்தைப் பார்த்துப் பதறிப் பெட்டியைப் பிடித்து இழுத்தான்.

பெட்டி அவர் மார்பை நெரித்தபடி இருந்தது. அதற்குப் பின்னால் ஓர் ஆள் படுக்கும் அளவுக்கு இடம். காலியாக.

சாயங்காலம் கார்க்காரர் வந்தார். கடைக்காரர் சாவியை நீட்டினார்.

"வண்டிய எடுத்துட்டுப் போயிடுங்க. சின்னதோ பெருசோ, இதுல நான் எந்தப் பெட்டியும் போட மாட்டேன்."

ஏன் என்று கார்க்காரர் கேட்கவில்லை. சாவியை வாங்கவும் இல்லை. டிக்கியை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினார்.

"கோவிச்சுக்காதீங்கண்ணே. எனக்குப் பாட்டுக் கேக்கற பழக்கமே இல்ல... டிக்கிய அடைச்சாப்ல ஒரு பெட்டி போட்டுட்டா, அது படுக்க இடமில்லாம போயிடும்னுதான் உங்ககிட்ட வந்தேன்."