மேல்காட்டுக்கு ஏறிய நாலு சக்கரம்

2024 மார்ச் 16, சனிக்கிழமை. பண்ணைக்காடு. காலை ஐந்தரைக்கு எழுந்தேன். பால் காய்ச்சினேன். மாத்திரைக்கு முன் அவருக்குக் கொடுக்க வேண்டிய இரண்டு இட்லியைக் கொடுத்தேன். முந்தைய நாள் வெட்டி வைத்த ரவிக்கைகளில் இரண்டைத் தைத்து முடித்தேன். வானம் தெளிவு. முன்பு பெய்த மழைக்கு மேல்காட்டில் காப்பி பூத்துவிட்டது. வாசம் தையல் இயந்திரம் வரை வந்தது.

அவர் என்றது என் கணவரை. எஸ்டேட்டுகளுக்கு ஜீப் ஓட்டியவர். இடுப்பில் அறுவை செய்த மருத்துவர், ஜீப்பையும் மேடு ஏறுவதையும் மறந்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டார். எங்கள் காப்பித் தோட்டமோ வீட்டுக்குப் பின்னால் செங்குத்தாக ஏறும் சரிவின் தலையில் இருக்கிறது. மேல்காடு என்போம். கூப்பிடு தூரம்தான். ஆனால் ஆறு மாதமாக அவர் அதைப் பார்க்கவில்லை.

அதை அடுத்த காடு என் அண்ணனுடையது. மேல்காட்டைத் தனக்குக் குத்தகைக்கு விடச் சொல்லிக் கேட்டிருந்தார். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. ஏற முடியாத மனிதரால் அதைப் பார்த்துக்கொள்ள முடியாது என்று நினைத்தார். நானும் அப்படித்தான் நினைத்தேன். "ஒரு தடவ என் கண்ணால பாத்துட்டுச் சொல்றேன் மச்சான்" என்று இவர் தள்ளிக்கொண்டே வந்து, கடைசியில் இந்தச் சனிக்கிழமை மாலைக்குள் பதில் சொல்வதாக ஒப்புக்கொண்டிருந்தார்.

"போட்டோ எடுத்து அனுப்புறேன்கிறேன், கேக்க மாட்டேங்கிறீகளே மாப்ள."

"நீங்க காட்டுறதத்தான மச்சான் போட்டோல பாக்க முடியும்? எனக்கு எங்க பாக்கணுமோ அங்க பாக்கணும்."

கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் எங்கள் மகள், அப்பா சும்மா உட்கார்ந்திருக்கிறாரே என்று ரிமோட்டில் ஓடும் டிரக் ஒன்றை அனுப்பியிருந்தாள். முழங்கை நீளம் இருக்கும். அதன் முதுகில் என் கைபேசியைக் கட்டி, வீடியோ அழைப்பில் வைத்து, மேல்காட்டுக்கு ஓட்டிப்போவது என்று இவர் முடிவு செய்தார். ஆனால் அதற்குப் பின்சக்கரம் இரண்டில் மட்டும்தான் விசை. முதல் மேட்டிலேயே மண்ணைப் பறித்துக்கொண்டு நின்றுவிட்டது.

"டூ-வீல வச்சிக்கிட்டு இங்க எங்க ஏற? முன்னாடியும் இழுக்கணும்" என்றார். நாலு சக்கரத்திலும் விசை உள்ள, உடைந்துபோன வேறொரு டிரக்கின் முன்பகுதியை மகள் மூலமாகவே வரவழைத்தார். பின்னாலிருந்து முன்னுக்கு விசை கடத்தும் தண்டைக் கொண்டுபோக இந்த வண்டியின் அடிப்பலகையில் இடம் இல்லை. அதனால் முன்சக்கரங்களுக்கென்று தனியாக ஒரு சின்ன மோட்டார் வைத்தார். பின்னுக்குப் பழைய மோட்டார், முன்னுக்குப் புது மோட்டார், இரண்டுக்கும் ஒரே ரிமோட். இரண்டு வண்டி சேர்ந்த கலப்பு வண்டி. அவர் வேலை செய்வதைப் பார்க்க எனக்குப் பிடித்திருந்தது. கழற்றும் ஒவ்வொரு திருகாணியையும் கழற்றிய வரிசையிலேயே முறத்தில் அடுக்கினார். வண்டியைச் செங்கல் மேல் தூக்கி வைத்து, நான்கு சக்கரத்திலும் சுண்ணாம்புக் கோடு போட்டு, முன்னும் பின்னும் சமமாகச் சுழலும்வரை பல்சக்கரங்களை மாற்றி மாற்றிப் போட்டார். அவசரமே படவில்லை.

அன்று காலை பத்து மணிக்குப் பின்வாசலில் வண்டியை இறக்கினார். கல்பாவிய இடத்தில் அது நடக்கவில்லை, தத்தியது. முன்பக்கம் பிய்த்துக்கொண்டு ஓடப் பார்த்தது, பின்பக்கம் இழுத்துப் பிடித்தது. கொஞ்ச நேரத்தில் மோட்டார் தொட முடியாதபடி சுட்டது.

மண்வெட்டி இரவல் கேட்க வந்த அண்ணன் சிரித்துவிட்டார். "என்ன மாப்ள, சண்டக்கெடா மாதிரி துள்ளுது?"

இவர் வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னிடம், "ஏம்மா, ஒன் டேப்பக் குடு" என்றார். நானே பின்சக்கரத்தைச் சுற்றி அளந்தேன். முன்சக்கரத்தைச் சுற்றி அளந்தேன். முன்சக்கரம் ஒரு விரல் அகலம் கூடுதல்.

தலையில் கை வைத்துக்கொண்டார். ஃபோர்-வீல் ஜீப்பில் முன்னொரு அளவும் பின்னொரு அளவுமாக டயர் மாட்டி வருகிறவர்களை இவர் ஸ்டாண்டில் வைத்துத் திட்டாத திட்டு இல்லை. சுழற்சியைச் சமமாக்கியவர் சுற்றளவைப் பார்க்கவில்லை.

"ஊருக்கெல்லாம் சொன்னீகளே மாப்ள!"

"சொன்னேன்ல, அதான் எனக்குச் சொல்ல ஆளில்லாமப் போச்சு" என்று இவரும் சிரித்தார். டிரக்கோடு முதலில் வந்த, பின்சக்கர அளவே உள்ள முன்சக்கரங்களின் ரப்பரை மட்டும் உரித்துப் புது வளையத்தில் மாட்டி ஒட்டினார். பசை காயும்வரை வண்டியை யாரையும் தொடவிடவில்லை.

மதியச் சாப்பாட்டுக்குப் பின் அவர் பின்வாசல் நாற்காலியில் ரிமோட்டோடும் தன் கைபேசியோடும் உட்கார்ந்தார். கவிழ்ந்தால் தூக்கிவிட நான் பின்னால் ஏறினேன். முன்பு நின்ற மேட்டில் வண்டி ஒரு கணம் தயங்கியது. முன்சக்கரங்கள் கல்லைப் பற்ற, பின்சக்கரங்கள் தள்ள, மெதுவாக ஏறியது. வாய்க்கால் ஓரத்தில் ஒரே ஒரு முறை கவிழ்ந்தது. மேலே போனதும் பூவைப் பார்ப்பார் என்று நினைத்தேன். வண்டி ஒரு முழ உயரம்கூட இல்லை. பூ அதற்கு எட்டவில்லை. உதிர்ந்த வெள்ளை இதழ்களுக்கு நடுவே செடிகளின் அடித்தூர்களை ஒட்டி ஒட்டிப் போயிற்று.

"நில்லு, நில்லு" என்று தானே ஓட்டிக்கொண்டிருந்த வண்டியிடம் அவர் சொன்னது கைபேசியில் கேட்டது. "ஏம்மா, அந்தச் செடி தூரப் பாரு. பட்டை நரம்பு மாதிரி பொடச்சிருக்கா?"

குனிந்து தடவினேன். புடைத்துத்தான் இருந்தது. தண்டைக் குடையும் புழு. உள்ளே இருப்பது வண்டாகி வெளியே பறந்தால் பக்கத்துச் செடிகளும் போகும். நானும் அண்ணனும் தினமும் தாண்டிப்போன செடி அது. இலையையும் பூவையும் பார்த்தோம், தூரைப் பார்க்கவில்லை. பொழுது சாய்வதற்குள் ஒரு வரிசை விடாமல் பார்த்து, அப்படி மூன்று செடி கண்டுபிடித்தார்.

மாலையில் அண்ணன் பதிலுக்கு வந்தார்.

"குத்தகை வேணாம் மச்சான். பாக்குற சோலிய நான் பாத்துக்கிறேன். புடுங்குற சோலிக்குத்தான் ஆள் வேணும்."

அண்ணன் டிரக்கைத் தூக்கிப் பார்த்தார். "நாளைக்கு வெள்ளனே வாரேன். அப்படியே எங் காட்டுக்குள்ளயும் ஒரு சுத்து விடுங்க மாப்ள."

மார்ச் 17. அடுப்புப் பற்றவைக்கும் முன்பே நானும் அண்ணனும் மேலே போய் அந்த மூன்று செடிகளையும் வேரோடு பிடுங்கி, உள்ளே இருக்கும் புழு சாகத் தீ வைத்தோம். பனியில் நனைந்து கிடந்ததால் தீ சுலபமாகப் பிடிக்கவில்லை. எரிந்து முடியும்வரை இருவரும் அங்கேயே நின்றோம்.