கிணற்றைப் பார்த்த விமானம்

ஒரு விடுகதை போடுகிறேன். ஓட்டுகிறவர் தரையில் நிற்பார். ஓடுவது வானத்தில் இருக்கும். அதில் யாரும் ஏற மாட்டார்கள். ஆனால் பார்க்கிற எல்லாருக்கும் அதன் மேல் சந்தேகம் மட்டும் ஏறிக்கொண்டே போகும். அது என்ன?

பட்டம் என்று சொல்லாதீர்கள். பட்டத்தை யாரும் போலீசில் காட்டிக் கொடுப்பதில்லை. விடை: ரேடியோவால் இயக்கும் மாதிரி விமானம். அதை வடிவமைப்பதும், கட்டுவதும், சாகசப் போட்டிகளில் ஓட்டுவதும் என் தொழில். குட்டிக்கரணம், உருளல், தலைகீழ்ப் பறத்தல் எல்லாவற்றையும் வரிசை மாறாமல், கோணல் இல்லாமல் செய்துகாட்ட வேண்டும். கோணலுக்கு மதிப்பெண் குறையும். செய்யாத குற்றத்துக்கு எங்கேயாவது பையைத் திறந்து காட்டியிருக்கிறீர்களா? அப்படியானால் நீங்களும் எங்கள் ஆள்தான். மேலே படியுங்கள்.

மீதி எங்கே?

என் பட்டறை விழுப்புரத்தில். பறக்கவிடும் இடம் கிளியனூர்ப் பக்கம். திண்டிவனம் போய் பஸ் மாற வேண்டும். விமானம் ஆள் நீளத்துக்கும் மேல். அதனால் இறக்கைகள் ஒரு பெட்டியில் என்னோடு வரும். உடல் பகுதி இன்னொரு பெட்டியில் நண்பர் ரொசாரியோவோடு அடுத்த பஸ்ஸில் வரும். இரண்டும் ஒரே பஸ்ஸில் வந்தால் மற்றவர்கள் இறங்க வேண்டியிருக்கும். ரொசாரியோ திண்டிவனத்தில் மோட்டார் காயில் கட்டுகிறவர். இந்த விமானத்தை நான் வரைந்து கட்டிய எட்டு மாதமும் கூடவே இருந்தவர்.

அன்று கண்டக்டர் பெட்டியைக் கையால் தட்டிப் பார்த்தார். "இன்னா இது?"

"இறக்கைங்க."

"எதோட இறக்கை?"

"விமானத்தோட இறக்கை."

அவர் பெட்டியை விட்டுவிட்டு என்னைப் பார்க்க ஆரம்பித்தார். "மீதி விமானம் எங்க?"

"அடுத்த பஸ்ல வருதுங்க."

பஸ் முழுவதும் என் பக்கம் திரும்பியது. என் பக்கத்தில் இருந்த அம்மா மடியிலிருந்த பையைக் கொஞ்சம் நகர்த்திக்கொண்டார். பின்சீட்டிலிருந்து ஒருவர் மிகவும் அக்கறையாகக் கேட்டார்: "பைலட்டு எந்த பஸ்ல வர்றாரு?"

மூடி வைத்த ஒன்றுமில்லை

நிலம் ஏழுமலை என்பவருடையது. மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்கிய பிறகு சும்மா கிடந்தது. ஓரமாக ஒரு நீளப் பட்டையை உருளை ஓட்டிச் சமன் செய்து, அதில்தான் விமானத்தை ஏற்றி இறக்கினோம். பறக்கவிட அனுமதி கேட்டுக் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்த கடிதத்தின் நகலை அவரிடமும் கொடுத்திருந்தேன். வாங்கும்போது சரி என்றுதான் சொன்னார். போட்டிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது சந்தேகம் வந்துவிட்டது.

"ரோடு போட நெலம் அளக்கறவங்க இப்பல்லாம் இப்படித்தான் மேலே ஒண்ண வுட்டு அளக்கறாங்களாம். எங்கப்பா காலத்துல ரோட்டுக்குன்னு பாதி நெலம் போச்சு சார். மீதிக்குத்தான் நீங்க வந்திருக்கீங்களா? கேமராவைக் காட்டுங்க."

அவர் பயத்தில் நியாயம் இருந்தது. கேமரா இல்லை என்று வாயால் சொன்னால் நம்பமாட்டார். எனவே கத்தியை எடுத்து, நானே ஒட்டிய மேல்தாளை இறக்கையின் நடுவில் ஒரு முழம் நீளத்துக்குக் கிழித்தேன். திரும்ப ஒட்ட ஒரு ராத்திரி ஆகும். உள்ளே பால்சா என்ற லேசான மரத்தில் செய்த மெல்லிய விலா எலும்புகள், நடுவில் காற்று. அவர் கையை உள்ளே விட்டுத் துழாவினார். டார்ச் அடித்துப் பார்த்தார். பிறகு முன்பைவிடக் கூடுதல் சந்தேகத்தோடு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"உள்ளே ஒண்ணுமே இல்லன்னா, எதுக்கு சார் இவ்ளோ பத்திரமா மூடி வச்சிருக்கீங்க?"

மழைக்கு ஆகாதவர்கள்

போட்டியில் விமானத்தை ஓட்டுகிறவர் அதிலிருந்து கண்ணை எடுக்கக் கூடாது. எடுத்தால் அந்த நொடியிலேயே விழுந்துவிடும். அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று தாளைப் பார்க்கவும் முடியாது. அதனால் பின்னால் ஒருவர் நின்று வரிசையைச் சொல்லிக்கொண்டே இருப்பார். எனக்கு ரொசாரியோ சொல்வார்: "மேலே... அரை உருளல்... தலைகீழா... புடிச்சுக்கோ... நேரா." குரல் ஏறாது, இறங்காது. மாதா கோயிலில் ஜெபமாலை சொல்லிப் பழகிய குரல்.

பக்கத்து நிலத்தில் கேப்பைக்குக் களை எடுத்த பெண்கள் இரண்டு நாள் பார்த்தார்கள். ஒருத்தர் கண் இமைக்காமல் வானத்தைப் பார்க்கிறார். இன்னொருத்தர் பின்னால் நின்று முணுமுணுக்கிறார். மூன்றாம் நாள் செல்வி என்ற அம்மா வரப்பிலேயே நின்று கேட்டுவிட்டார்.

"இன்னா மந்திரம் அது? மழையை ஓட்டுறீங்களா?"

மந்திரம் இல்லை, மழைக்கும் எங்களுக்கும் சம்பந்தமே இல்லை என்றேன். அந்த நேரம் பார்த்து நாலு தூறல் விழுந்தது. கையில் பிடித்து ஓட்டும் ரேடியோ நனையக் கூடாது. விமானத்தை இறக்கி, எல்லாவற்றையும் பெட்டியில் போட்டு மூடி, நாங்கள் இருவரும் மோட்டார் கொட்டகைக்கு ஓடினோம். செல்வி அம்மா மற்றவர்களிடம் திரும்பிச் சொன்னது எங்களுக்கும் கேட்டது: "பாத்துக்கினீங்களா? ஆகாதவங்க எதிர்ல வந்தா நாமளும் இப்படித்தானே ஓடுவோம்!"

யாழினியின் நோட்டு

ஏழுமலை யாரையும் நம்புவதில்லை. தன் மகள் யாழினியை மட்டும் நம்புவார். ஏழாம் வகுப்பு. பள்ளிக்கூடம் விட்டதும் அவளை அனுப்பி வைத்தார். கையில் ஒரு நோட்டு, காதில் பேனா. பேச்சு குறைவு. உதவி செய்கிறாயா என்று ஒரு முறை கேட்டேன். "நான் உங்களைப் பாத்துக்கினு இருக்கத்தான் வந்திருக்கேன்" என்றாள். அவள் அப்பா எங்களுக்குப் பின்னால் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருப்பார். அவர்கள் கிணறு எங்களுக்கு எதிரே இருந்தது.

விமானத்தில் ஒரு குறை இருந்தது. நேராக மேலே ஏற வேண்டிய இடத்தில் இடப்பக்கம் சாய்ந்தது. கொஞ்சம்தான், நடுவர்கள் கண்ணுக்குத் தப்பாத கொஞ்சம். எனக்கும் ரொசாரியோவுக்கும் மட்டும் தெரியும் என்று நினைத்திருந்தேன். அவள் வந்த நான்காம் நாள் மாலை ஏழுமலை அந்த நோட்டை என் முன்னால் விரித்தார். கோடு போட்டு எழுதியிருந்தது:

"கிழக்கே போய் மேலே ஏறியது ஆறு தடவை. ஆறு தடவையும் எங்கள் கிணற்றுப் பக்கம் சாய்ந்தது. மேற்கே போய் ஏறியது ஐந்து தடவை. ஐந்து தடவையும் அப்பா பக்கம் சாய்ந்தது."

இரண்டும் விமானத்துக்கு இடப்பக்கம்தான் என்று தரையில் குச்சியால் படம் போட்டு விளக்கினேன். ஏழுமலை படத்தை முழுவதுமாகப் பார்த்தார். பிறகு செருப்பால் அழித்தார்.

"சனிக்கிழமை பத்து தடவை ஏத்துங்க சார். ஒரு தடவை கிணத்துப் பக்கம் சாஞ்சாலும் ஞாயித்துக்கிழமை காலையில டிராக்டர் வுட்டு உழுதுடுவேன். கிணத்தையும் பாக்குது, என்னையும் பாக்குது, நடுவுல வேற எதையும் பாக்க மாட்டேங்குதே!"

பென்சில் கோடு

சனிக்கிழமைக்கு மூன்று நாள். நிலம் போனால் பயிற்சி இல்லை. பயிற்சி இல்லாமல் போட்டி இல்லை. எட்டு மாத வேலை பெட்டியிலேயே தூங்கும். ஊர் என்னைச் சந்தேகப்பட்டது. நான் மற்ற எல்லாவற்றையும் சந்தேகப்பட்டேன். முதலில் பசையை. பிறகு மோட்டார் ஒரு பக்கம் இழுக்கிறதோ என்று அதன் அடியில் தகடு வைத்தேன். இறக்கை முறுக்கியிருக்கிறதோ என்று அதைக் கழற்றி மட்டம் பார்த்துத் திரும்ப மாட்டினேன். அதற்கும் அசையாத சாய்வைக் குறைக்க, வலது இறக்கை நுனியில் எட்டு கிராம் ஈயம் ஒட்டினேன். சாய்வு குறைந்தது, போகவில்லை.

மிச்சம் இருந்தது ரொசாரியோ. வரிசையைச் சொல்லும்போது அவருடைய கட்டைவிரல்கள் விமானத்தை ஓட்டுவது போலச் சட்டைப் பையின் மேல் அசைவதைப் பார்த்திருக்கிறேன். அந்த மாதத்தில் இரண்டு முறை, "அண்ணா, ஒரு தடவை நான் ஓட்டிப் பாக்கட்டா?" என்றும் கேட்டார். இரண்டு முறையும் பேட்டரி தீர்ந்துவிட்டது என்றேன். அந்த வாரம் இறக்கைப் பெட்டியும் இரவில் அவர் வீட்டில்தான் இருந்தது. ஈயத்தை யாராவது தொடுகிறார்களா என்று கண்டுபிடிக்க, பெட்டி மூடியும் பக்கப் பலகையும் சேரும் இடத்தில் யாருக்கும் தெரியாதபடி ஒரு பென்சில் கோடு போட்டு வைத்தேன். மறுநாள் காலை அவர் வீட்டுக்குப் போய்க் குனிந்து பார்த்தேன். கோடு அப்படியே இருந்தது. எனக்குக் கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது.

ரொசாரியோ டீ டம்ளரோடு பின்னால் வந்து நின்றார். "நேத்து நீங்க போட்ட கோடு கோணலா இருந்துச்சுண்ணா. அழிச்சிட்டு ஸ்கேல் வச்சு நேரா போட்டுட்டேன்."

கண் கூசியதால் தெரிந்தது

வெள்ளிக்கிழமை சாயங்காலம், கடைசிப் பயிற்சி. விமானம் மேற்கே போகும்போதெல்லாம் வெயில் நேராக முகத்தில் அடித்தது. நானும் ரொசாரியோவும் கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தோம். யாழினிக்குக் கண்ணாடி இல்லை. விமானத்தை இறக்கியதும் அவள் எழுந்து வந்தாள்.

"அங்கிள், வானத்தைப் பாத்தா கண்ணு கூசுது. அதனால இன்னிக்கு உங்க விரலைப் பாத்துக்கினு இருந்தேன்."

"சரி."

"மேலே ஏத்தும்போது குச்சியைப் பின்னாடி இழுக்கறீங்க. நேரா இழுக்க மாட்டேங்கிறீங்க. இப்படி இழுக்கறீங்க." பேனாவைப் பிடித்து, கீழே இழுத்தபடியே இடப்பக்கம் ஒரு நூல் அளவு ஒதுக்கிக் காட்டினாள்.

ரேடியோவில் இருக்கும் அந்தக் குச்சியைப் பின்னால் இழுத்தால் விமானம் மேலே ஏறும். இடப்பக்கம் தள்ளினால் இடப்பக்கம் உருளும். இரண்டு வேலையும் ஒரே குச்சிக்கு. ஓட்டுகிறவன் விமானத்தைப் பார்க்கிறான். சொல்கிறவரும் விமானத்தைப் பார்க்கிறார். நடுவர்களும் விமானத்தைத்தான் பார்க்கிறார்கள். இத்தனை வருடத்தில் என் கட்டைவிரலை யாரும் பார்த்ததில்லை, நான் உட்பட.

நான் ஒப்புக்கொள்ளவில்லை. வெயில், நிழல், குழந்தை, தப்பாகத் தெரிந்திருக்கும் என்று என்னென்னவோ சொன்னேன். அவள் எல்லாவற்றையும் கேட்டு நோட்டில் எழுதிக்கொண்டு, பேனாவைக் காதில் செருகினாள். "அங்கிள், நான் விமானத்தை ஒண்ணும் சொல்லலையே."

பத்து தடவை

சனிக்கிழமை ஏழுமலை டிராக்டரை வரப்போரமாகக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார். கலப்பை மாட்டியிருந்தது. செல்வி அம்மாவும் மற்றவர்களும் மழை வருமா என்று பார்க்க வந்திருந்தார்கள். எண்ண ஆரம்பிப்பதற்கு முன் சோதனைக்கு ஒரு முறை ஏற்றிக்கொள்ள அனுமதி கேட்டேன். ஏற்றினேன். விரலை நேராக இழுக்க வேண்டும், நேராக இழுக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இழுத்தேன். கிணற்றைப் பார்த்தது.

ஏழுமலை டிராக்டர் பக்கம் நடந்தார். யாழினி அவர் சட்டையைப் பிடித்து நிறுத்தினாள். "அப்பா, இரு. ரொசாரியோ மாமா ஓட்டட்டும். அவரு விரலை நான் இன்னும் பாக்கல."

ரேடியோவை நீட்டினேன். இந்த முறை பேட்டரி தீர்ந்திருக்கவில்லை. ரொசாரியோ கிழக்கே போய் மேலே ஏற்றினார். விமானம் வலப்பக்கம் சாய்ந்து எங்கள் பக்கம் வந்தது. எனக்கு உள்ளுக்குள் ஒரு அற்ப சந்தோஷம். அது மூன்று நொடிகூட நிலைக்கவில்லை. வலது இறக்கை நுனியில் இருக்கும் ஈயம் ஞாபகம் வந்தது. இல்லாத குறைக்கு நான் ஒட்டிய மருந்து. என் கை இருந்தவரை அது விரலின் கோணலை மறைத்தது. நேராக இழுக்கும் கையில் அதுவே கோணலாகிவிட்டது. இதைச் சொல்லாமல் இருந்தால் ரொசாரியோ தோற்றுப்போவார். சொன்னால் நான் தோற்றுப்போவேன். விமானத்தை இறக்கச் சொல்லி, ஈயத்தை உரித்தேன். மோட்டாருக்கு அடியில் வைத்த தகட்டையும் எடுத்தேன்.

மறுபடி ஏற்றினார். வரிசையை இந்த முறை நான் சொன்னேன். "மேலே" என்றேன். விமானம் கிணற்றைப் பார்க்கவில்லை. ஏழுமலையையும் பார்க்கவில்லை. தென்னை மரம் மாதிரி நேராகப் போனது. பத்து தடவை. எட்டு மாதம் நான் பார்க்க ஆசைப்பட்டது அதுதான். ஆனால் அதை வேறொருவர் தோளுக்குப் பின்னால் நின்று பார்ப்பேன் என்று நினைக்கவில்லை. செல்வி அம்மா, "இந்த ஆளுக்கு மந்திரம் சரியா வரல, குரல் நடுங்குது" என்றார்.

போட்டிக்கு நாலே நாள். இருபது வருடப் பழக்கம் நாலு நாளில் விரலை விட்டுப் போகாது. ரொசாரியோ ரேடியோவை என் கையில் திருப்பிக் கொடுத்து, "உங்க விமானம்ணா, நீங்கதான் ஓட்டணும்" என்றார். அதையும் சந்தேகப்பட எனக்குத் தெரியும், அன்று முடியவில்லை. நான் ரேடியோவை அவர் பக்கம் நீட்டினேன், அவர் வாங்கவில்லை. இரண்டு பேருக்கும் நடுவில் அது நின்றது.

ஏழுமலைக்குப் பொறுமை போய்விட்டது. "பேஜாரா போச்சு சார் உங்களோட! போட்டி வரைக்கும் நெலத்தை விட்டுடறேன். ஆனா என் கிணத்துக்கு மேலே யாரு ஓட்டறதுன்னு எனக்குத் தெரியணும். யாழினி, நீதான் இத்தினி நாளா பாத்தே. நீயே சொல்லு."

யாழினி காதிலிருந்து பேனாவை எடுத்து, 'ஓட்டுவது ரொசாரியோ மாமா, சொல்வது அங்கிள்' என்று நோட்டில் எழுதி, அடியில் ஸ்கேல் வைத்து ஒரு கோடு போட்டாள்.