மலை மடத்து வாசலில் நான் கேட்ட கேள்வி

போன ஞாயிற்றுக்கிழமை காலை பக்கத்து வீட்டு சின்யோரா காட்டுப் பெருஞ்சீரகக் கீரையையும் காய்ந்த பெரிய அவரைப் பருப்பையும் சேர்த்து வேகவைத்தாள். இத்தாலியின் பலேர்மோ நகரத்தில், வுச்சீரியாச் சந்தைப் பக்கத்து இந்தச் சந்தில் வீடுகள் அவ்வளவு நெருக்கம். அவள் அடுப்பில் வைப்பது முதலில் என் மூக்கில்தான் கொதிக்கும். பெருஞ்சீரக வாசத்துக்கு எங்கள் ஆட்களுக்கு ஆட்டிறைச்சிக் கறி நினைவுக்கு வரவேண்டும். எனக்கு ஒரு மடத்தின் சமையற்கட்டு நினைவுக்கு வந்தது. வேறொரு நாளில் வந்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பேன். அன்று பின்னேரம் பேரனோடு யோகன் வீட்டுக்குப் போகவேண்டியிருந்தது. பேரனும் யோகனின் மகளும் ஒருவரையொருவர் விரும்பிவிட்டார்கள். பெரியவர்கள் கதைத்து முடிவு சொல்லவேண்டும். யோகனுக்கு நான் ஒரு காலத்தில் செய்ததை அங்கே வாய்திறந்து சொல்லிவிடுவதா, கல்யாணம் முடியட்டும் என்று விழுங்கிக்கொண்டு இருப்பதா என்று ஒரு கிழமையாக எனக்கு நித்திரை இல்லை.

நான் யாழ்ப்பாணத்தில் வரலாறு படிப்பித்தவன். மத்தியகால ஐரோப்பாவில் மடங்களின் பணிகள் என்று ஒரு பாடம். மடங்கள் நூல்களைப் படியெடுத்துக் காத்தன, காடு திருத்தின, நோயாளரைப் பேணின, வழிப்போக்கருக்கு இடம் கொடுத்தன என்று நான் சொல்லச் சொல்லப் பிள்ளைகள் தலை நிமிராமல் எழுதுவார்கள். நானும் தலை நிமிராமல்தான் சொல்லுவேன். பிறகு நாட்டில் நடந்ததெல்லாம் நடந்து, பலேர்மோவுக்கு மேலே மலையில் இருக்கும் ஒரு பழைய பெனடிக்டின் கத்தோலிக்க மடத்தில் வேலையாளாக உருளைக்கிழங்குக்குத் தோல் சீவ உட்கார்ந்தபோது, என் பாடக்குறிப்பில் கிழங்கைப் பற்றி ஒரு வரியும் இல்லை என்பது விளங்கியது.

மற்றதெல்லாம் இருந்தது. அரபு பேசிக்கொண்டிருந்த இந்த நகரத்தைப் பிடித்த நோர்மன் அரசர்கள் காலத்தில் துறவிகளுக்கு அந்த மலை கிடைத்ததாம். தோட்டத்து வாய்க்கால்களும் தண்ணீர்த் தொட்டியும் அரபுக்காரர் கட்டியபடியே இருந்தன. உள்முற்றத்துத் தூண்களில் ஒன்றைப்போல இன்னொன்று இல்லை. வேறு வேறு மதத்துக் கைகள் செதுக்கியவை. ஓய்வு கிடைத்தால் நான் அங்கே போய் நிற்பேன். படித்தவன் அல்லவா, நாலு பேர் ஒன்றாகக் கட்டியது என்று என்னால் அழகாக விளக்கமுடியும். வேலைக்கு வந்த சிசிலிப் பையன்களுக்கு விளக்கியும் இருக்கிறேன். அவர்கள் சிகரெட் பிடித்துக்கொண்டு பொறுமையாகக் கேட்பார்கள்.

வாசல் காவல் பிரா பிளாசிதோ என்ற வயதான துறவியின் பொறுப்பு. அந்தத் துறவிகளின் ஒழுங்குவிதி ஆறாம் நூற்றாண்டில் எழுதப்பட்டது. கதவைத் தட்டுகிறவன் யாரென்று பார்க்கும் முன்பே வாயிற்காப்பவர் கடவுளுக்கு நன்றி சொல்லவேண்டும் என்று அதில் இருக்கிறது. பிரா பிளாசிதோ அதை லத்தீனில் சத்தமாகச் சொல்லிக்கொண்டே, தேன்மெழுகு மணக்கும் கையால் தாழ்ப்பாளை இழுப்பார். வந்தவன் தபால்காரனாக இருந்தாலும் அதே நன்றிதான். வந்தவருக்கு முதலில் பெருஞ்சீரகக் கீரைச் சூப்பும் ரொட்டியும். பெயரும் ஊரும் சாப்பிட்டு முடிந்த பிறகு. அந்த மடத்தில் இது எழுதாத சட்டம். விருந்தாளியும் வேலையாளும் ஒரே மேசையில், ஒரே சட்டியிலிருந்து சாப்பிடுவோம்.

ஒரு மாரிகாலத்து மத்தியானம். துறவிகள் எல்லோரும் செபத்துக்குப் போயிருந்தார்கள். கதவை என்னைப் பார்க்கச் சொல்லியிருந்தார்கள். தட்டுச் சத்தம் கேட்டுத் திறந்தேன். மழையில் ஊறிய ஒரு இளம் ஆள், கையில் ஒரு பை.

"அண்ணை, தமிழோ?"

"ஓம் ஓம். வாங்கோ, நனையாதேங்கோ."

"கடவுளே. நாப்போலிக் கப்பலாலை காலமைதான் இறங்கினனான். துறைமுகத்திலை ஒரு மொரீசியஸ் ஆள் சொன்னவர், மலையிலை ஒரு தமிழ் ஆள் இருக்கிறார், போய்ப் பார் எண்டு."

"எவ்விடம்?"

ஊரைச் சொன்னான்.

"அங்கை எந்தப் பக்கம்?"

என்னை ஏற இறங்கப் பார்த்தான். "நீங்கள் நினைக்கிற பக்கம்தான்," என்றான்.

அவனுடைய சாதியை அறிவதற்காகத்தான் கேட்டேன். இதைச் சுற்றிவளைத்துச் சொல்ல ஒன்றுமில்லை. என் அறையில் இரண்டாவது கட்டில் வெறுமையாகக் கிடந்தது. அவனை உள்ளே விட்டால் அதில்தான் படுப்பான், பக்கத்தில் இருந்து சாப்பிடுவான்.

"இஞ்சை இடமில்லை. கீழை போம். ஆரும் பாப்பினம்."

"மழையாக் கிடக்கு. விறாந்தையிலை எண்டாலும் நிண்டிட்டு…"

"இவை விடமாட்டினம்."

பழியைத் துறவிகள் மேல் போட்டுக் கதவைச் சாத்தினேன். தமிழில் நடந்ததால் அந்த மலையில் ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது.

செபம் முடிந்து வந்த பிரா பிளாசிதோ, தரையில் ஈரக் கால்தடத்தைப் பார்த்துவிட்டு யார் வந்தது என்று கேட்டார். வழி தவறி வந்த ஒருவன், அவசரமாகப் போய்விட்டான் என்றேன். "சாப்பிட்டானா?" என்றார். இல்லை என்றேன். கிழவர் ஒரு ரொட்டியை அங்கிக்குள் செருகிக்கொண்டு, குடையையும் விரித்து, அந்தச் சரிவில் ஓடினார். வெகு நேரம் கழித்து ரொட்டியோடுதான் திரும்பி வந்தார். "அடுத்தமுறை முதலில் ரொட்டியைக் கையில் கொடு. பிறகு பேசலாம்," என்றார். அவ்வளவுதான். ஏசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

அன்று மழையில் திரும்பிப் போனவன்தான் யோகன். பிழைத்துக்கொண்டான். மொண்டெல்லோவில் ஒரு உணவகத்தில் கோப்பை கழுவி, பிறகு அங்கேயே சமையற்காரனாகி, மனைவியை வரவழைத்து, வீடும் வாங்கிவிட்டான். நானும் மலையிலிருந்து இறங்கிவந்து வீட்டுவேலைகள் செய்தேன். இந்த ஊரில் எங்கள் ஆட்களுக்கு ஒளிந்திருக்க இடம் கிடையாது. கோயிலில், கல்யாணத்தில், செத்தவீட்டில் அவனைக் காண்பேன். "சுகமோ மாஸ்டர்?" என்பான். "சுகம்," என்பேன். அந்த ஒரு சொல்லிலேயே இத்தனை வருடமும் ஓட்டிவிட்டேன்.

போன ஞாயிறு பின்னேரம் அவன் வீட்டில் கதிரையில் உட்காரும் முன்பே சொன்னேன். "யோகன், பிள்ளையளின்ரை கதை கதைக்க முதல் ஒரு விசயம்."

"மடத்துக் கதையோ?" என்றான்.

பேரன் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். அவனுக்கும் கேட்கட்டும் என்று எல்லாவற்றையும் சொன்னேன். இடம் இருந்தது, துறவிகள் விட்டிருப்பார்கள், விடாதவன் நான் என்று சொன்னேன். "பிழை விட்டிட்டன். மன்னிக்கச் சொல்லிக் கேக்கிறன்."

"அண்டைக்கு ஒரு கிழவர் குடையோடை எனக்குப் பின்னாலை ஓடி வந்தவர். தெரியுமோ? நான் மதிலுக்குப் பின்னாலை ஒளிச்சிட்டன். உங்களை மாதிரி அவரும் கலைக்க வாறார் எண்டு நினைச்சன்," என்றான் யோகன்.

அவர் ரொட்டியோடு வந்தார் என்று சொன்னேன்.

"ரொட்டியோ," என்றான். கொஞ்சம் சிரித்தான். "நான் மறக்கேல்லை மாஸ்டர். மறக்கவும் மாட்டன். ஆனா நீங்களா வந்து வாயாலை சொன்னது நல்லது. பிள்ளையளுக்குள்ளை நான் இதைக் கொண்டுவரமாட்டன்."

உள்ளேயிருந்து அவன் மனைவி தேத்தண்ணீர் கொண்டுவந்தாள். யோகன் கையைக் காட்டி மறித்தான். "பொறு பொறு. மாஸ்டர் தேத்தண்ணி குடிக்கமாட்டார். அவருக்கு மூடி உடைக்காத அரஞ்சாட்டா சோடா ஒண்டு வாங்கி வைச்சிருக்கு, எடு."

"சும்மா இருங்கோப்பா," என்றாள் அவள். "குடியுங்கோ மாஸ்டர், ஆறப்போகுது."

குடித்தேன். சீனி கொஞ்சம் கூடுதல்தான். இன்னொன்றும் கேட்டு வாங்கிக் குடித்தேன். ஆவணி மாதத்தில் கல்யாணம் என்று பேசி முடித்தோம்.

மடத்தில் இப்போது துறவிகள் ஒரு கைக்குள் அடங்குவார்கள். வாய்க்காலில் தண்ணீர் இல்லை. வாசலில் மின்சார மணியும் கமராவும் இருக்கின்றன. யாரென்று பார்த்த பிறகே கதவு திறக்கும். பிரா பிளாசிதோ பின்தோட்டத்தில் அடக்கமாகிவிட்டார். ஆவணிக்கு முன்னால் ஒருநாள் அங்கே போய், அந்த ரொட்டி ஏன் திரும்பி வந்தது என்று அவருக்கும் சொல்லவேண்டும்.

அன்று யோகன் வீட்டிலிருந்து திரும்பி வரும் வழியில் பேருந்துத் தரிப்பில் பேரன் கேட்டான். "அப்பப்பா, அதென்ன அரஞ்சாட்டா கதை?"

சில வீடுகளில் எங்கள் ஆட்கள் சாப்பிட மாட்டோம், தண்ணீரும் குடிக்க மாட்டோம், மரியாதைக்கு மூடி உடைக்காத சோடா மட்டும் வாங்கிக்கொள்வோம் என்று விளக்கினேன். கடையில் அடைத்ததில் அந்த வீட்டுக் கை படவில்லையாம்.

அவன் யோசித்தான். "அப்ப மூடியை ஆர் உடைக்கிறது?"

"அவைதான் உடைச்சுத் தருவினம்."

"கண்ணாடிக் கிளாஸ்?"

"அதுவும் அவையின்ரைதான்."

அவன் சிரிக்கத் தொடங்கினான். பகிடி இல்லையடா, ஊர் முழுக்க அப்படித்தான் இருந்தது, நானும் அப்படித்தான் இருந்தேன் என்றேன். பேருந்து வந்து நின்று, ஏறி உட்கார்ந்த பிறகும் அவனுக்குச் சிரிப்பு அடங்கவில்லை.