வழி சொல்லும் குரல் பேசும்போது

பைக்கில் ஜி.பி.எஸ் கருவி வைத்து, அது சொல்லும் வழி ஹெல்மெட்டுக்குள் கேட்கும்படி பாட்டு சிஸ்டத்தோடு இணைத்துத் தரச் சொல்லி வருகிறவர்களிடம் நாகேஷ் முதலில் ஒரு கேள்வி கேட்பான். "பின்னாடி யாரு சார் உக்காருவாங்க?" என்ன பைக், எந்தக் கருவி என்பதெல்லாம் அப்புறம்தான். போன வாரம் ஒரு கம்பெனி மேனேஜர் என் கடைக்குள் வந்து, "இவரு வயரிங் பண்றாரா, வீட்டு விஷயம் விசாரிக்கிறாரா?" என்று எரிந்து விழுந்தார். கேட்டதற்குப் பதில் சொன்னால் உங்களுக்குத்தான் நல்லது என்று நானும் எரிந்து விழுந்தேன். எனக்கு வாய் கொஞ்சம் அதிகம். ஆனால் அந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும்.

பெங்களூர் அல்சூரில் என் ஹெல்மெட் கடையும் நாகேஷின் வயரிங் கடையும் அடுத்தடுத்து இருக்கின்றன. நடுவில் ஒரு சுவர், அதிலும் பாதி பலகை. பதினெட்டு வருடமாக அவனுடைய சால்டரிங் புகை என் கடைக்கு வரும், என்னுடைய புலம்பல் அவன் கடைக்குப் போகும். "பவுலினக்கா, கொஞ்சம் மெதுவா திட்டுங்க, கஸ்டமர் பயப்படறாரு" என்பான். ஒரே ஒரு முறை தவிர, அவன் குரல் உயர்ந்து நான் கேட்டதே இல்லை. மர்பி டவுனில் பிறந்து, அங்கேயே வளர்ந்து, அங்கேயே கல்யாணம் கட்டிக்கொண்டவன்.

போனிலேயே மேப் இருக்கும்போது தனிக் கருவி எதற்கு என்று நான் ஒருமுறை கேட்டேன். வெயிலில் போன் சூடாகி அணைந்துவிடும், மழையில் விரல் வைத்தால் வேலை செய்யாது, தூரம் போகிறவர்களுக்கு இதுதான் சரி என்றான். கருவியைப் பொருத்துவது யாருக்கும் வரும். அதன் சத்தத்தைப் பைக்கின் ஆம்ப்ளிஃபையரில் சேர்க்கும்போதுதான் வினை. ஆக்ஸிலரேட்டரைத் திருகத் திருக, ஹெல்மெட்டுக்குள் கொசு மாதிரி ஒரு ரீங்காரம் ஏறிக்கொண்டே போகும். எர்த் இரண்டு இடத்தில் எடுத்தால் அப்படித்தான் ஆகுமாம். நாகேஷ் கை வைத்த வண்டியில் அந்தக் கொசு இருக்காது. ஊரெல்லாம் அலைந்து கெடுத்த வண்டிகள் கடைசியில் அவனிடம்தான் வரும்.

அவனுக்கென்று ஒரு பிடிவாதமும் இருந்தது. வழி சொல்லும் குரல் பேச ஆரம்பித்தால் மற்ற எல்லாச் சத்தமும் நிற்க வேண்டும். பாட்டு, போன், பின்னால் இருப்பவரின் மைக், எதுவாக இருந்தாலும் சரி. குரல் முடிந்த பிறகும் இரண்டு விநாடி வாய் திறக்கக் கூடாது. "பாட்டு போனா போவுது, திருப்பம் போச்சுன்னா உயிரு போயிடும்" என்பான். அப்படி வாயடைக்கச் செய்ய ஒரு சின்ன சர்க்யூட்டைத் தானே செய்து வைப்பான். அதில் அவனுக்கு அவ்வளவு பெருமை.

அதே ஏற்பாட்டைத் தன் பைக்கிலும் செய்தான். இங்கே அவன் மனைவி சரளாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒரு ஆபீஸில் ஹவுஸ்கீப்பிங் வேலை. அவர்கள் வீடு ஒரு ஹாலும் அடுப்படியும்தான். அதில் நாகேஷின் அப்பா அம்மா, தம்பி குடும்பம், காலேஜ் போகும் மகள் சங்கமித்ரா, இவர்கள் இருவர். புருஷனும் பெண்டாட்டியும் ஒரு வார்த்தை பேசினால் பத்துக் காது கேட்கும். அதனால் அவர்கள் பேசுவதெல்லாம் பைக்கில்தான். பதினைந்து நாளுக்கு ஒருமுறை அத்திபெலேயில் இருக்கும் சரளாவின் தம்பி சீனு வீட்டுக்குப் போவார்கள். இரண்டு ஹெல்மெட்டிலும் மைக், ஸ்பீக்கர். வயரைச் செருகிவிட்டால் வண்டி அல்சூர் தாண்டுவதற்குள் சரளா ஆரம்பித்துவிடுவாள். "எங்க வீட்டுக்கு ரெண்டு சக்கரம்க்கா" என்று என்னிடம் சொல்லிச் சிரித்திருக்கிறாள்.

கருவி வந்த பிறகு அவள் சிரிப்பில் கொஞ்சம் கடுப்பும் சேர்ந்தது. அந்த இங்கிலீஷ் பெண் குரலுக்கு மேடம் என்று பெயர் வைத்தாள். அது ஓட்டுகிறவன் ஹெல்மெட்டில் மட்டும்தான் கேட்கும்; பின்னால் இருப்பவளுக்குத் தன் மைக் எப்போது அடைபட்டது என்றே தெரியாது. "உன் மேடம் வாயத் தொறந்தா நான் ஊமையாயிடணுமாயா?" என்று கடை வாசலிலேயே கேட்டாள். நியாயமான கேள்வி. அத்திபெலேவுக்கு வழி தெரியாதவனா அவன்? கண்ணைக் கட்டிவிட்டாலும் போவான். தன் வேலை தன் வண்டியில் ஓட வேண்டும் என்ற ஆசை, வேறொன்றுமில்லை. அவன் சிரித்து மழுப்பினான். நானும் சேர்ந்து சிரித்தேன். அதை நினைத்தால் இப்போதும் என் மேலேயே எனக்கு ஆத்திரம் வருகிறது.

பிப்ரவரியில் சரளா தனியாக ஆஸ்பத்திரிக்குப் போனாள். கர்ப்பப்பையில் கட்டி, நல்ல கட்டி இல்லை, உடனே ஆபரேஷன் செய்துவிட்டால் பிழைத்துக்கொள்ளலாம் என்றார்கள். அவளுடைய அக்கா அதே மாதிரி ஆபரேஷனுக்கு உள்ளே போய் வெளியே வராதவள். சரளா டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டை மடித்து டிபன் பையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டாள். பத்துக் காது இருக்கும் வீட்டில் அதைச் சொல்ல அவளுக்கு மனசில்லை. அத்திபெலே போகும் ஞாயிற்றுக்கிழமைக்காகக் காத்திருந்தாள்.

ஞாயிறு காலை வண்டியில் ஏறியதிலிருந்து சீனு வீட்டு விசேஷத்தைப் பற்றித்தான் பேச்சு, பாத்திரம் வாங்குவதா துணி வாங்குவதா என்று. போகிற வழியில் பொம்மசந்திரா பக்கம் ரோட்டைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். வண்டிகள் சர்வீஸ் ரோட்டில் திரும்ப, மேடத்துக்குக் குழப்பம் வந்துவிட்டது. இடது பக்கம் போ, திரும்பி வா, மறுபடி இடது பக்கம் போ என்று விடாமல் பேசியது. நடுவில் சரளாவின் குரல் ஒரு நொடி வந்தது: "நான் ஒரு முடிவு பண்ணிட்டேன்யா." அப்புறம் மேடம். அப்புறம் மேடம். கடைசியில் மறுபடி சரளா, "சரியாயா?" என்றாள். பாத்திரமா துணியா என்பதைத்தான் முடிவு பண்ணிவிட்டாள் என்று நினைத்தான் நாகேஷ். முன்னால் ஒரு லாரி குறுக்கே நின்றது. "சரி, உன் இஷ்டம்" என்றான்.

அடுத்த ஒரு மாதத்தில் இரண்டு முறை அத்திபெலே போனார்கள். இரண்டு முறையும் சரளா ஹெல்மெட் வயரைச் செருகவில்லை. தலைவலி என்றாள். நாகேஷுக்குப் பட்டது என்ன தெரியுமா? ஜாக் லூஸாகியிருக்கும் என்று. அவள் ஹெல்மெட்டைக் கடைக்கு எடுத்து வந்து, ஜாக்கை மாற்றி, ஸ்பீக்கரை மாற்றி, மைக்குக்குப் புது பஞ்சு வைத்து, ஒரு மத்தியானம் முழுக்க உட்கார்ந்து வேலை பார்த்தான். கெட்டுப்போனது வயர் இல்லை என்று அவனுக்கு எப்படித் தெரியும்? சரளா மெலிந்துகொண்டே போனாள். என் கண்ணிலும் பட்டது. ஆபீஸில் வேலை அதிகம் போலிருக்கிறது என்று நானும் விட்டுவிட்டேன்.

ஜூன் மாதம் வயிறு வீங்கி, ஆபீஸ் படிக்கட்டில் மயங்கி விழுந்தாள். ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். எல்லாம் பரவிவிட்டது, இனி ஆபரேஷன் செய்து பயனில்லை என்று மறுநாள் காலையில் டாக்டர் சொல்லிவிட்டார். சரளாவிடமும் மறைக்கவில்லை. அதன் பிறகு அவள் இருந்தது பன்னிரண்டு நாள்.

டாக்டர் சொன்ன அன்று மத்தியானம் நான் கஞ்சி எடுத்துக்கொண்டு போயிருந்தேன். சங்கமித்ரா அம்மாவின் டிபன் பையிலிருந்து அந்தச் சீட்டை எடுத்துத் தேதியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பிப்ரவரியிலயே தெரியுமாம்மா? அப்பாகிட்டகூட சொல்லலியா?"

"சொன்னனே" என்றாள் சரளா. "உங்கப்பாவைக் கேளு. ஆபரேஷன் வேணாம்னு முடிவு பண்ணிட்டேன்னு சொன்னேன். சரி, உன் இஷ்டம்னாரு."

அதில் கோபம் இல்லை. நாலு மாதம் உள்ளேயே வைத்திருந்து பழகிப்போன குரல். மகள் அப்பாவைப் பார்த்த பார்வையை நான் மறக்க மாட்டேன்.

நாகேஷ் கையில் டீயோடு நின்றிருந்தான். "எங்க சொன்ன?" என்றான்.

"பொம்மசந்திராவுல. ரோடு தோண்டியிருந்தாங்களே, லாரி நின்னுச்சே, அங்க."

டீயைக் கீழே வைத்துவிட்டு, கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டான். எந்த விநாடியில் எது அடைத்தது என்று அவனுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை, செய்தவனே அவன்தானே.

"எனக்குக் கேக்கல சரளா. மேடம் பேசிக்கினே இருந்துது. நீ பேசினது எதுவும் வரல. பாத்திரம் வாங்கறதுக்குத்தான் சரின்னேன்."

சரளா அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்ப நீ எனக்கு சரின்னு சொல்லலியா?"

"இல்ல."

"பாத்திரத்துக்கா சொன்ன?"

"ஆமா."

அவள் சிரிக்க ஆரம்பித்தாள். வயிறு வலித்தது போல, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். சிரிப்பு அழுகையானது எப்போது என்று எனக்குத் தெரியவில்லை. நான் கஞ்சிப் பாத்திரத்தை மூடவும் மறந்து நின்றேன்.

"வேணாம்னா நீ கத்துவன்னு நெனச்சேன்யா" என்றாள். "கத்தி, கையப் புடிச்சு இழுத்துக்கினு போய்ப் படுக்க வெப்பன்னு. எனக்கு பயமா இருந்துச்சு. நீ கத்தினா ஆபரேஷனுக்குப் போயிடுவேன்னு நெனச்சேன். அதுக்குத்தான்யா வேணாம்னு சொன்னதே."

நாகேஷ் எழுந்தான். பதினெட்டு வருடத்தில் நான் கேட்காத குரலில் கத்த ஆரம்பித்தான். "இன்னா நெனச்சுக்கினு இருக்க நீ? யார கேட்டு வேணாம்ன? ஆபரேஷன் பண்ணியே ஆவணும். எழுந்திரு. இப்பவே போலாம், எழுந்திருன்றன்ல." அவள் கையைப் பிடித்து இழுத்தான். பக்கத்துக் கட்டில்காரர்கள் எல்லாரும் திரும்பினார்கள். நர்ஸ் ஓடி வந்தாள். நான் அவன் தோளைப் பிடித்தேன், தட்டிவிட்டான்.

சரளா கையை விடுவிக்கவில்லை. "பண்ணிக்கறேன்யா" என்றாள். "நீ சொன்னா பண்ணிக்கறேன்."