கெலிஓயா டொக்டர் மூட மறுத்த பல்

போன செவ்வாய்க்கிழமை கோயிலில் விளக்கேற்றிவிட்டுத் திரும்பியபோது மகள் வாசலில் நின்றாள். "அம்மா, கெலிஓயா பல் டொக்டர் தவறிட்டாங்களாம்" என்றாள். என் நாக்கு தானாகவே வலப்பக்கக் கடைவாய்ப் பல்லைத் தொட்டுப் பார்த்தது.

டொக்டர் நிஸ்மியாவிடம் வாய் திறந்த உங்கள் எல்லோருக்கும் ஒரு கதை இருக்கும். இது என்னுடையது. நான் படித்தது ஐந்தாம் வகுப்பு வரைதான். ஆனால் யார் என்ன சொன்னார் என்பது எனக்கு மறக்காது.

பிலிமத்தலாவையில் முதலில் பார்த்த டொக்டர், "இந்த வயசுல இந்தப் பல்ல வச்சி என்ன செய்யப் போறீங்க? புடுங்கிடுவோம்" என்றார். அவரை இன்னும் மன்னிக்கவில்லை. வலப்பக்கம் மேலே மென்று தின்ன எனக்கிருந்தது அந்த ஒரு பல்தான்.

நிஸ்மியா டொக்டர் படம் எடுத்துப் பார்த்தார். முஸ்லிம் வீடுகளில் தாயைக் கூப்பிடுவதுபோல் என்னையும் உம்மா என்றார். "வேர் நல்லா ஈக்கி உம்மா. உள்ளுக்குத்தான் அழுக்கு. கழுவினா நிக்கும்."

"நான் உம்மா இல்ல, அம்மா."

"வாயத் தொறந்தா எல்லாரும் ஒண்டுதான் உம்மா. ஆ காட்டுங்க."

எச்சில் உள்ளே போகாமல் பல்லைச் சுற்றி ஒரு நீல றப்பர் விரிப்பார். மயிர் போன்ற கம்பியால் வேருக்குள் சுரண்டுவார். பிறகு மெல்லிய ஊசியால் மருந்துத் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் கழுவுவார். வெள்ளைத் துணிக்குப் போடும் மருந்தின் வாடை அடிக்கும். மறுபடி சுரண்டல், மறுபடி கழுவல். கை ஓயாது.

மூன்றாம் முறை போனபோது மகளின் கல்யாணத்துக்கு இரண்டு நாள் இருந்தது. டொக்டர் கடதாசிக் குச்சியை வேருக்குள் விட்டு எடுத்து ஈரம் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்த்தார். "இன்னம் கசியுது. இன்னக்கி மூட ஏலா."

"வலியே இல்ல டொக்டர். மூடிடுங்க. நாளன்னிக்குக் கல்யாணம்."

"வலி இல்லாட்டி சுத்தம் எண்டு அர்த்தமில்ல உம்மா."

நான் கத்தினேன். அவர் கதிரையை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். "ஒருத்தர் இப்பிடித்தான் அவசரப்படுத்தினார். நானும் மூடிட்டேன். மூணாம் நாள் அவர்ட கண் வரைக்கும் வீங்கிப் போச்சு. அது என்ட பிழை. ரெண்டாந்தரம் செய்ய மாட்டேன்."

உள்ளே மருந்து வைத்துத் தற்காலிகமாக அடைத்து அனுப்பினார். அந்தப் பக்கம் கடிக்கக் கூடாதாம். மகளின் கல்யாணச் சாப்பாட்டைப் பாதி வாயால் சாப்பிட்டேன். சம்பந்தியம்மா, "ஏன் சம்பந்தி, எங்க பக்கத்துச் சாப்பாடு புடிக்கலியா?" என்று கேட்டதும் டொக்டர் மேலிருந்த கோபக் கணக்கில் சேர்ந்தது. இரண்டு வாரம் கழித்துக் குச்சி காய்ந்து வந்தது. அன்றைக்குத்தான் மூடினார். ஒரு வருஷத்தில் வந்து காட்டச் சொன்னார். கோபத்தில் நான் போகவேயில்லை.

போன வருஷம் கெலிஓயாவில் மரக்கறிக் கடையில் என்னைப் பிடித்துவிட்டார். "உம்மா! ஆ காட்டுங்க."

"இங்கயா?"

"பின்ன, நீங்க கிளினிக்குக்கு வாறல்லயே!"

கடை நிறையச் சனம். போன் வெளிச்சத்தை என் வாய்க்குள் அடித்தார். கடைக்காரர் தராசை விட்டுவிட்டு எட்டிப் பார்த்தார்.

"கடிச்சா வலிக்குதா?"

"இல்ல."

"கோபம் தீந்துச்சா?"

"இல்ல."

வயிறு குலுங்கச் சிரித்தார். என் பைக்குள் ஒரு கட்டுக் கீரையைத் திணித்துவிட்டுப் போனார். அதுதான் கடைசி.

இப்போது சொல்கிறேன். அந்தக் கீரையை ஆய்ந்துகொண்டிருந்தபோதே கோபம் தீர்ந்துவிட்டது. அடுத்த முறை சொல்லிக்கொள்ளலாம் என்று வீம்பாக இருந்துவிட்டேன். அது என் பிழை. பல் என்னிடம் இருக்கிறது. அவருக்குச் சொல்லாத பதிலும் என்னிடம்தான் இருக்கிறது.