டாக்டரம்மாவின் ஊக்குகள்

படுத்துக் கிடந்த மாட்டின் இடது விலாவில் முஷ்டியைப் பதித்து, கண்களை மூடி, உதட்டுக்குள் நொடிகளை எண்ணிக்கொண்டிருந்தார் கனிமொழி. எண்ணும்போது யார் கூப்பிட்டாலும் காதில் விழாது. திருத்துறைப்பூண்டிப் பக்கம் எந்தக் கொட்டகைக்குள் நுழைந்தாலும் இந்தக் கால்நடை மருத்துவரின் முதல் வணக்கம் மாட்டுக்குத்தான்.

“உள்ள அசைவே இல்ல. என்னக்கா குடுத்தீங்க?”

மாட்டுக்குச் சொந்தக்காரரான பொன்னுத்தாய் முந்தானையை முறுக்கினார். “பேத்திக்குக் காதுகுத்து, டாக்டரம்மா. சோறு மிஞ்சிப் போச்சு. செவலையும் நம்ம வீட்டுப் புள்ளதானேன்னு அண்டாவோட வச்சுட்டேன். பொழச்சுக்குமா?”

“சாயங்காலத்துக்குள்ள அசை போட்டா பொழச்சுக்கும்.”

ஆப்பசோடாவைக் கரைத்துக் குழாய் வழியே மாட்டின் வயிற்றுக்குள் இறக்கினார். இனி காத்திருக்க வேண்டும். சும்மா காத்திருக்க அவருக்குத் தெரியாது. வளையலில் கொத்தாகத் தொங்கிய ஊக்குகளைக் கழற்றி, கவிழ்த்த வாளியின்மேல் பரப்பினார்.

“வைக்கோலும் சர்க்கரைதான், சோறும் சர்க்கரைதான். கோத்த விதந்தான் வேற. ஒரு ஊக்கு ஒரு சர்க்கரைன்னு வச்சுக்குங்க.” எல்லா ஊக்கும் ஒரே பக்கம் பார்க்கக் கோத்து, நடுநடுவே கிளை விட்டார். “இது சோறு. எத்தனை நுனி பாருங்க. எல்லா நுனியிலயும் ஒரே நேரத்துல கடிக்கலாம். மாட்டு வயித்துக் கிருமி மளமளன்னு தின்னு, எல்லாத்தையும் புளிக்க வச்சிருச்சு.” அடுத்து, ஒன்றை நேராகவும் ஒன்றைத் தலைகீழாகவும் கோத்துச் சரங்களாக்கி, நெருக்கி அடுக்கினார். “இது வைக்கோல். கிளையே கெடையாது. ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு வெறச்சு நிக்கும். மெதுவாத்தான் பிரிக்க முடியும்.”

பொன்னுத்தாய் யோசித்தார். “அப்ப தாளுல இருக்குறது செடி நிக்கிறதுக்கு, நெல்லுல இருக்குறது எடுத்துத் திங்கிறதுக்கு.”

“அவ்வளவுதான். முளை விடுறப்ப நெல்லே அந்தச் சர்க்கரையை எடுத்துத் திங்குது.”

“எனக்கு சுகர் வியாதி இருக்கு. நான் சோத்துக்குப் பதிலா வைக்கோல் தின்னலாமா?”

“தின்னுங்க. அதைப் பிரிக்கிற கிருமி உங்க வயித்துல இல்ல. போன மாதிரியே வெளிய வந்துரும்.”

பொன்னுத்தாய் சிரித்தார். கண் மட்டும் மாட்டை விட்டு அகலவில்லை.

இரண்டு ஊர் சுற்றிவிட்டுக் கனிமொழி சாயங்காலம் திரும்பி வந்தபோது செவலை எழுந்து நின்றிருந்தது. நீளமாக ஓர் ஏப்பம் விட்டது. சற்றுப் பொறுத்து, வாய் மெல்ல அசைபோடத் தொடங்கியது. பொன்னுத்தாய் கன்னத்தில் போட்டுக்கொண்டு, காபி கொண்டுவந்து நீட்டினார். டாக்டரம்மா கவனிக்கவில்லை. வாளிமேல் உட்கார்ந்து மாட்டின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய தாடையும் வலமும் இடமுமாக அசைந்துகொண்டிருந்தது.